எலிக்குச் சோறு வைக்கும் மகனுக்கு

என் போனை எடுக்காத மகனே,

இதை நீ ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் பார்த்துக்கொண்டிருப்பாய். நீயாக வாங்கிப் படிக்கிற ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியும். உன் சித்தி படித்துவிட்டு, "டேய், ஒங்கம்மா பேப்பர்ல வந்துட்டாங்கடா" என்று போட்டோ பிடித்து அனுப்பியிருப்பாள். வாட்ஸ்அப்பில் நான் அனுப்புவதற்கெல்லாம் நீலக் கோடு விழுகிறது, பதில் மட்டும் விழுவதில்லை. குரல் பதிவு அனுப்பினேன், அதையும் நீ கேட்கவில்லை. கடைசியில், "அம்மா செத்துட்டேன்" என்று ஒரு மெசேஜ் போட்டுப் பார்க்கலாமா என்று உன் அப்பாவிடம் கேட்டேன். "செத்தவ எப்படிலா மெசேஜ் போடுவா?" என்று கேட்டார். ஆயுள் முழுக்க எஸ்டேட்டில் பாம் ஆயில் பழம் ஏற்றும் லோரி ஓட்டிய மனிதர், எதையும் நேர் ரோட்டில்தான் பார்ப்பார். அதனால்தான் இந்த வாசகர் பக்கம். யார் பெயரையும் போடவில்லை, பயப்படாதே. பெயர் போடாவிட்டாலும் நம் எஸ்டேட் லயத்திலிருந்து பெண் வீடு இருக்கிற ராசா டவுன் வரைக்கும் எல்லோருக்கும் இது யார் கதை என்று தெரிந்துவிடும். அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதக் கடைசியில் நீ கோலாலம்பூர் ஆய்வுக்கூடத்து வேலையை விடப்போகிறாய் என்று கேள்விப்பட்டேன். ஆஸ்பத்திரிகளுக்கு மெஷின் விற்கிற ஒரு கம்பெனியில் சேரப்போகிறாயாம், டை கட்டிக்கொண்டு. விற்பனை வேலை மட்டமான வேலை என்று நான் சொல்லமாட்டேன். அதைச் செய்து எத்தனையோ பேர் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். ஆனால் உனக்கு ஒரு பொருளை விற்கத் தெரியுமா? பள்ளிக்கூடத்தில் நன்கொடை டிக்கெட் கொடுத்தனுப்பியபோது, "பிடிச்சா வாங்குங்க, இல்லன்னா பரவால்ல" என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தவன் நீ. எல்லா டிக்கெட்டையும் உன் அப்பாதான் வாங்கினார். நீ அந்த வேலைக்கு ஆசைப்பட்டுப் போகவில்லை. ராசாவில் பெண் கொடுக்கமாட்டார்கள் என்று பயந்து போகிறாய். அந்தப் பயத்தை உன் தலையில் ஏற்றியது நான். இறக்கி வைப்பதும் என் வேலைதான்.

ராசாவில் அன்று நடந்ததை நீ பக்கத்தில் உட்கார்ந்தே பார்த்தாய். பேப்பர் படிக்கிறவர்கள் பார்க்கவில்லை, அவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பெண் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. நீங்களே ஒருவரையொருவர் பார்த்துப் பிடித்துப்போய், பிறகு எங்களிடம் வந்து சொன்னீர்கள். நாங்கள் போய்ப் பேசி முடிப்பது மட்டும்தான் பாக்கி. பெண்ணின் அப்பா மோட்டர் சாமான் கடை வைத்திருந்து ஓய்வெடுத்தவர், வீட்டுக்குள்ளேயும் இஸ்திரி போட்ட சட்டையோடு இருக்கிறவர். மனைவி காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. அவருடைய அக்காதான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறார், பேச்சையும் அவர்தான் பார்த்துக்கொள்கிறார். கிளம்பும்போதே நீ என்னிடம் சொன்னாய், "அம்மா, என் வேலையப் பத்திக் கேட்டா நான் பேசிக்கிறேன், நீங்க முறுக்கு சாப்பிடுங்க" என்று. நானும் தலையாட்டினேன். முறுக்கு கடினமாக இருந்தது, அதை என் குறையாகச் சொல்லாதே.

"மாப்பிள்ள டாக்டருன்னாங்க. எந்தக் கிளினிக்?" என்று பெண்ணின் அப்பா கேட்டார். "அந்த டாக்டர் இல்ல மாமா" என்று நீ இழுத்தாய். நீ இழுத்தது எனக்குப் பொறுக்கவில்லை. "மூளை டாக்டருண்ணே. மனுசனுக்கு ஞாபகம் எப்படி வருதுன்னு பாக்கறாரு" என்றேன். அதோடு நிறுத்தியிருந்தால் இந்நேரம் பத்திரிகை அடித்திருப்போம். அந்த அக்கா விடவில்லை. "யாரு மூளையப் பாக்கறாரு?" என்று கேட்டார். எனக்குப் பொய் சொல்ல வராது, வாய் அடக்கவும் வராது. "எலி மூளை" என்றேன். அவர் கடிக்கப்போன முறுக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டார். சரி, சமாளிக்கலாம் என்று, "சும்மா எலி இல்லக்கா, வெள்ளை எலி. ரொம்பச் சுத்தம். இவருதான் சோறு வைப்பாரு. லீவு நாள்லகூட போயிப் பாத்துட்டு வருவாரு" என்று சேர்த்துச் சொன்னேன்.

நம் பக்கத்து ஆட்களிடம் எலி என்றால் என்ன அர்த்தம் என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. பாம் ஆயில் காட்டில் பழத்தைக் கடித்து நாசமாக்குவது எலி. அதற்கு மரத்தடிக்கு மரத்தடி விஷக்கட்டி வைத்துக்கொண்டு போக ஒரு கேங் உண்டு. குலை அறுக்கத் தெம்பில்லாதவனையும், போன வாரம் வேலைக்கு வந்தவனையும் அதில்தான் தள்ளுவார்கள். பெண்ணின் அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்து, "எஸ்டேட்ல எலி மருந்து வைக்கிற கேங்கு இருக்குமே, அந்த மாதிரி வேலையாம்மா?" என்று கேட்டார். கேட்டது கேலியாக இல்லை, உண்மையான கவலையோடு கேட்டார். உன் அப்பா அதுவரை வாயைத் திறக்காதவர், அன்றைக்கென்று திறந்தார். "இல்ல இல்ல. அவங்க சாவடிக்கிறாங்க. இவன் வளக்கிறான்" என்றார், ஏதோ மானத்தைக் காப்பாற்றிய திருப்தியில். அந்த அக்கா, "எங்க வீட்டுக்குப் பின்னால நெறைய இருக்கு, வந்து புடிச்சிக்கிட்டுப் போவச் சொல்லுங்க" என்றார். அடுப்படியிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. நீ அழகு பார்த்துக் கட்டிக்கொள்ளப்போகிற பெண்தான் சிரித்தது, அதையும் குறித்துக்கொள். கடைசியில் அவள் அப்பா எழுந்து நின்று, "யோசிச்சுச் சொல்றோம்" என்றார். கல்யாணப் பேச்சில் அந்த ஒரு வார்த்தை வந்துவிட்டால் நம் ஆட்கள் தட்டை எடுத்துக்கொண்டு செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். நாமும் தேடினோம். மம்பாவ் முச்சந்தி வரும்வரை, உன் அப்பா ஓட்டிய காடியில், நீ பேசவில்லை. அதற்கப்புறமும் பேசவில்லை.

நீ நினைப்பாய், அம்மாவுக்கு ஒன்றும் புரியாமல் எலி எலி என்று உளறிவிட்டாள் என்று. அப்படி இல்லையடா. நீ சொன்னது எனக்குப் புரிந்திருந்தது. போன தீபாவளி லீவில் சி ரூசா கடற்கரைக்குப் போனோமே, அங்கேதான் நீ மணலில் குச்சியால் பெரிதாக ஒரு நரம்பணு வரைந்தாய். நடுவில் உருண்டை, சுற்றிலும் கிளை கிளையாக நீட்டம். "இதுதாம்மா ஆபீஸ். ஒரிஜினல் பிளான் எல்லாம் இங்க பூட்டியிருக்கும். ஆர்.என்.ஏங்கறது அதுலேர்ந்து எடுக்கற காப்பி. அந்தக் காப்பிய வச்சிப் புரோட்டின் செஞ்சிக்கலாம், எவ்வளவு வேணும்னாலும்" என்றாய். "அப்ப ஆபீஸ்லயே புரோட்டின செஞ்சி அனுப்ப வேண்டியதுதானே? காப்பி எதுக்கு அவ்வளவு தூரம் போவணும்?" என்று கேட்டேன். நீ சவுக்கு மரத்தடியில் நான் பற்றவைத்திருந்த அடுப்பைக் காட்டினாய். அதற்கு முந்திய வருஷம் வீட்டிலேயே மீன் கறி வைத்துக் காடியின் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்து, ஒரு வளைவில் சட்டி கவிழ்ந்து, அந்தக் காடியை விற்கும்வரை அதில் ஏறியவர்கள் எல்லாம் என்ன மீன் என்று கேட்டார்கள். அதிலிருந்து அரிசி, மீன், மசாலா எல்லாம் தனித்தனியாகக் கொண்டுபோய்க் கடற்கரையில்தான் ஆக்குவது. "அதேதாம்மா. தேவைப்படற எடத்துக்குச் சாமானக் கொண்டுபோயி, தேவைப்படறப்ப அங்கயே ஆக்கிக்கிறது" என்றாய். அடே, மூளையும் பிக்னிக் போகிறதா என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

பிறகு நான் கேட்டேன், அந்தக் காப்பி வழியிலேயே வேலையை ஆரம்பித்துவிட்டால் என்ன ஆகும் என்று. "ஆரம்பிக்காது. வேற புரோட்டினுங்க அதச் சுத்திக் கட்டிப் புடிச்சிக்கும். போய்ச் சேர்ற வரைக்கும் விடாது" என்றாய். "அமோனியா!" என்று நான் கத்தினேன். பக்கத்துக் குடும்பம் திரும்பிப் பார்த்தது. உனக்கும் ஒன்றும் புரியவில்லை, ஏனென்றால் நீ பிறந்து விவரம் தெரிவதற்குள் நம் எஸ்டேட் ரப்பரிலிருந்து பாம் ஆயிலுக்கு மாறிவிட்டது. நான் பால்மரம் வெட்டிய காலத்தில், மரத்தைக் கீறி எடுத்த பால், ஷீட் போடுகிற ஸ்டோருக்குப் போவதற்குள் வெயிலிலும் மழையிலும் வழியிலேயே கட்டியாகிவிடும். ஆகாமல் இருக்க வாளியில் கொஞ்சம் அமோனியா விடுவோம். அது பாலைப் பாலாகவே பிடித்து வைத்திருக்கும். ஸ்டோருக்குப் போன பிறகு ஆசிட் ஊற்றுவார்கள், அப்போதுதான் உறையும். இதைச் சொன்னதும் நீ குச்சியைக் கீழே போட்டுவிட்டு, "முழுசா அப்படி இல்லம்மா. ஆனா கிட்டத்தட்ட!" என்று குதித்தாய். எங்கே முழுசாக இல்லை என்று அதன் பிறகு நெடுநேரம் விளக்கினாய். மீன் தீய்ந்துபோனது அந்த நேரத்தில்தான்.

உன் போனில் படம் காட்டினாயே, அதுவும் நன்றாக நினைவிருக்கிறது. இருட்டில் ஒரு கொடி, அதற்குள் பொட்டுப் பொட்டாக வெளிச்சம். அந்தப் பொட்டுகள்தான் ஆர்.என்.ஏ ஏற்றிய மூட்டைகள் என்றாய். சிலது முன்னால் போகிறது, சிலது நிற்கிறது, சிலது வந்த வழியே திரும்புகிறது. உன் அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "யாருடா டிரைவரு? நடு ரோட்டுல ரிவர்ஸ் எடுக்கிறான்" என்றார். "ரொட்டி பாய் மாதிரிப்பா. மேலயும் கீழயும் போய்க்கிட்டே இருக்கும். எந்த வீட்டுல கையக் காட்டறாங்களோ அங்க நிக்கும்" என்றாய். சாயங்காலமானால் லயத்தில் மோட்டர் சைக்கிளில் மணியடித்துக்கொண்டு வருகிற ரொட்டி பாயைச் சொன்னாய். புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளும்போது எந்தக் கிளையின் நுனி அசைகிறதோ, அந்த நுனி கையைக் காட்டும், மூட்டை அங்கே அவிழும், புரதம் உண்டாகும், இணைப்பு உறுதிப்படும் என்றாய். அது நடக்காவிட்டால் இன்றைக்கு ஞாபகம் இருக்கும், சில நாள் கழித்து இருக்காது என்றாய். சொல்லி முடிக்கும்போது உன் அப்பா கால் வலிக்கிறதென்று போய் நரம்பணுவின் ஆபீஸ்மேலேயே உட்கார்ந்துவிட்டார். நீ கோபித்துக்கொள்ளவில்லை. அவரைச் சுற்றி இன்னும் நாலு கிளை வரைந்தாய். உன் முகத்தில் அன்றைக்கு இருந்த வெளிச்சத்தை நான் நீ சின்னப் பையனாக இருந்தபோதுகூடப் பார்த்ததில்லை. எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைதான் ராசாவில் என் வாய் வழியாக எலியாக ஓடியது.

சரி, இனி உனக்குத் தெரியாத பகுதி. நீ வேலையை விடுகிற விஷயத்தை எனக்குச் சொன்னது அந்தப் பெண்தான். போனில் கூப்பிட்டாள். "அத்தை, என்னைக் கேக்காமலே முடிவு பண்ணிட்டாரு. நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. எனக்குக் கோவமா இருக்கு" என்றாள். குரலில் கோபம் கொஞ்சமாகவும் அழுகை நிறையவும் இருந்தது. இங்கே ஒரு புத்தி சொல்லவேண்டியிருக்கிறது, கேட்டுக்கொள். ஒருத்திக்காக ஒன்றை விட்டுக்கொடுப்பதென்றால் முதலில் அவளிடம் கேள். உன் அப்பா கல்யாணமான புதிதில் எனக்காக மீசையை எடுத்துவிட்டு வந்து நின்றார். நான் ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டதே அந்த மீசைக்காகத்தான். திரும்ப வளரும்வரை அவர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் யாரோ விருந்தாளி வந்தது போலவே இருந்தது. வேலை மீசை மாதிரி வளராது.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. வாயால் சொல்லிக் கெடுத்ததைக் கண்ணால் பார்க்க வைத்து நேராக்கலாம் என்று. பக்கத்துக் கம்பத்தில், அந்த மலாய்க் கிராமத்தில், ஓர் அண்ணன் இன்னும் கொஞ்சம் பால்மரம் வைத்து வெட்டுகிறார். அவரிடம் போய் ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறையப் பால் கேட்டேன். எதற்கு என்றார். மகன் கல்யாணத்துக்கு என்றேன். அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை, அமோனியாப் போத்தலையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். பஸ்ஸில் போகிற வழியில் பால் கட்டியாகிவிட்டால் என் மானம் போய்விடுமே என்று நான் அமோனியாவைக் கொஞ்சம் தாராளமாகவே விட்டேன். டப்பாவின் மூடியும் சரியாகப் பொருந்தவில்லை. பஸ்ஸில் என்னைச் சுற்றி இருந்த இருக்கைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, அந்த வாசனைக்கும் எனக்கும் சம்பந்தமில்லாதது போல் உட்கார்ந்திருந்தேன்.

ராசாவில் பெண்தான் கதவைத் திறந்தாள். கண்ணாடிக் கிண்ணம், கரண்டி, வினிகர் கேட்டேன், ஏன் என்று கேட்காமல் கொண்டுவந்து வைத்தாள். நல்ல பெண். அவள் அப்பா நாற்காலியில் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அந்த அக்கா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, "என்னாது இது, கக்கூஸ் கழுவுற தண்ணியா?" என்றார். "இதுதாங்க்கா ஆர்.என்.ஏ" என்றேன். "ரப்பர் பாலு மாதிரி இருக்கு." "ரப்பர் பாலுதான். ஆர்.என்.ஏன்னு வச்சிக்குங்க. மூளைக்குள்ள ஒரு எடத்துலேர்ந்து இன்னொரு எடத்துக்கு இப்படித்தான் வருது. வழியில கட்டியாவாம இருக்க ஒரு காவல் இருக்கு. போயி சேந்ததும் ஒரு சொட்டு ஆசிட்டு வுழுந்தா போதும், டக்குன்னு ஒறைஞ்சிரும். அதுதான் ஞாபகம். என் மவன் பாக்கற வேலை அதுதான். இப்பப் பாருங்க" என்று சொல்லி வினிகரை ஊற்றினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் ஊற்றினேன். பால் பாலாகவே இருந்தது. கிளறினேன், ஊதினேன், உள்ளுக்குள் மாரியம்மனைக் கூப்பிட்டேன். "ஞாபகம் வரலயே?" என்றார் அந்த அக்கா. எனக்கு வந்த அழுகையில் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அப்படியே திரும்பப் பஸ் ஏறிவிடலாம் என்று தோன்றியது. அப்போது பேப்பர் மெதுவாகக் கீழே இறங்கியது. பெண்ணின் அப்பா கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு, "எவ்ளோ அமோனியா வுட்டீங்க?" என்று கேட்டார். "கொஞ்சம் தாராளமா" என்றேன். "தாராளமாவா? பஸ்ஸுல வர்ற பாலுக்கு எதுக்கும்மா அவ்ளோ? ஊத்தற ஆசிட்ட எல்லாம் அது தின்னுடும்லா" என்று எழுந்தார். இஸ்திரி போட்ட சட்டையின் கையை மடித்துவிட்டார். "வீட்டுல இருக்கற வினிகர் அத்தனையும் கொண்டாம்மா" என்றார் மகளிடம். "அது ஊறுகாய்க்கு வச்சதுடா" என்றார் அக்கா. யாரும் காதில் வாங்கவில்லை.

அவர் ஓரத்திலிருந்து சுற்றி ஊற்றினார். கரண்டியை ஒரே பக்கமாக, அவசரமில்லாமல் ஓட்டினார். மேலே நுரை வந்ததும் கரண்டி விளிம்பால் லேசாக ஒதுக்கி, கிண்ணத்தைப் பார்க்காமலே ஓரத்துக்கு வழித்து எறிந்தார். மறுபடி ஒதுக்கினார், மறுபடி எறிந்தார். நுரையை எடுக்காவிட்டால் ரப்பர் ஷீட்டில் குமிழ் விழும். ஸ்டோரில் நின்று பால் உறையவைத்தவனுக்குத்தான் அந்த வழித்தல் வரும். "எந்த ஸ்டோருண்ணே?" என்று கேட்டேன். அவர் கை நிற்கவில்லை. "லிங்கி பக்கம் ஒரு தோட்டம். மீச மொளைக்கறதுக்கு முன்னாடி" என்றார். அதைச் சொன்னது அவருக்கே அப்போதுதான் கேட்டது போலிருக்கிறது, திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். "அப்பா, நீங்க சொன்னதே இல்லியே?" என்றாள் பெண். "மறந்துட்டேம்மா" என்றார். மறந்துவிட்டேன் என்று வாய் சொல்லும்போது கை நுரை எடுத்துக்கொண்டிருந்தது.

இப்படி எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் பால் உறைந்துவிட்டது, கரண்டியோடு. அவர் இழுத்தார், வரவில்லை. அக்கா கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ள, அவர் காலை ஊன்றிக்கொண்டு இழுக்க, கடைசியில் அவர் நாற்காலியில் போய் விழ, கரண்டியும் ரப்பருமாக ஒரே உருண்டையாக வந்து அவர் மடியில் விழுந்தது. அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு பல வருஷமாகக் கேட்டிருக்காது. அந்த அக்கா சிரித்துச் சிரித்து முந்தானையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டார், பிறகு வாசனை தாங்காமல் மறுபடி மூடிக்கொண்டார்.

சிரிப்பு அடங்கியும் அவர் அந்த உருண்டையைக் கீழே வைக்கவில்லை. அதை அமுக்கிக்கொண்டே பேசினார். அவர் சொன்னதைப் பேப்பரில் எழுதலாமா என்று கேட்டேன், "பேர் மட்டும் போடாதீங்க" என்றார். அதனால் அவர் பேச்சிலேயே எழுதுகிறேன். "இத நான் ஒரு நாளும் நெனச்சதில்லம்மா. டவுனுக்கு வந்தேன், கடை போட்டேன், அந்தத் தோட்டத்தத் திரும்பிக்கூடப் பாக்கல. ஆனா கை வச்சிருந்திருக்கு. யாருக்கு வேணும் இது? என் சம்சாரம் போனப்ப மவ ஸ்கூல் போயிக்கிட்டிருந்தா. மொகம் இருக்கு எனக்கு. அந்த வாசப்படியில நிக்கிறது இருக்கு. என்னையக் கூப்புடறது தெரியுது, வாய் அசையுது. கொரல் மட்டும் இல்ல. எவ்ளோ நெனச்சாலும் வரல. நொர எடுக்கறது வந்து சேந்துச்சு, அவ கொரல் ஏன் வந்து சேரல? ஒங்க மவன் இதத்தானே பாக்கறாரு, அவருக்குத் தெரியுமா?"

என் வாயைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. கண்டுபிடித்துவிடுவான், அடுத்த வருஷமே மருந்து வந்துவிடும் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அவ்வளவு ஆசையோடு கேட்கிற மனிதரிடம் பீற்றிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. "எனக்குத் தெரியாதுண்ணே. என் மவனுக்கும் தெரியாது. தெரியாததாலதான் தெனம் வேலைக்குப் போறாரு" என்றேன். அவர் உருண்டையைத் திருப்பிப் பிடித்தார். "லீவு நாள்லயும் போறாருன்னு சொன்னீங்கல்ல?" என்றார். "போவாரு." "எலிக்குச் சோறு வைக்க" என்றார் அந்த அக்கா. இந்த முறை அதில் கேலி இல்லை. யாரோ ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுபோகிறவரைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்.

அப்போது பெண் ஒரு மூலையிலிருந்து, "இனிமே போவமாட்டாருப்பா. மாசக் கடைசியில வேலைய விடறாரு. உங்களுக்காக" என்றாள். அவள் அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நான் எப்பம்மா விடச் சொன்னேன்?" "யோசிச்சுச் சொல்றேன்னீங்களே." "ஆமா, யோசிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்! ஆர்.என்.ஏன்னா என்னான்னு காப்பிக் கடைக்கு வர்ற ஆளுங்ககிட்டயெல்லாம் கேட்டுப் பாத்தேன், ஒருத்தனுக்கும் தெரியல. அதான் லேட்டு" என்றார். மகனே, கல்யாணப் பேச்சில் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு உண்மையிலேயே உட்கார்ந்து யோசித்த ஒரே தமிழன் உனக்கு மாமனாராக வரப்போகிறார். நாம்தான் அவசரப்பட்டுச் செருப்பைத் தேடிவிட்டோம். நீ ஒரு படி மேலே போய் டையைத் தேடிவிட்டாய்.

முடிவு இதுதான். வேலையை விட்டால் பெண் கிடையாது. இதைச் சொன்னது நான் இல்லை, அவர். பெண்ணும் தலையாட்டினாள், தன்னிடம் கேட்காமல் முடிவெடுத்ததற்கு நீ தனியாக மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றும் சொல்லச் சொன்னாள். உனக்குப் போன் பண்ணி இதையெல்லாம் அவளே சொல்லியிருக்கலாம். "முடியாது அத்தை, கொஞ்ச நாள் தவிக்கட்டும்" என்றாள். என் மருமகள் என்று எனக்கு நிச்சயமானது அந்த நிமிஷம்தான். கிளம்பும்போது அவள் அப்பா வாசல் கேட் வரைக்கும் வந்து, "பஸ்ஸுல போவாதீங்க சம்பந்தி, மத்தவங்க பாவம். நான் காடியில கொண்டு வுடறேன்" என்றார். கரண்டி மாட்டிய அந்த ரப்பர் உருண்டை இப்போது அவர் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. வருகிறவர்களிடமெல்லாம் மாப்பிள்ளை பார்க்கிற வேலை இதுதான் என்று காட்டுகிறாராம். அது அப்படி இல்லை, கிட்டத்தட்டத்தான் என்று நீ வந்து திருத்திக்கொள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ராசாவுக்கு வா. இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொள். டை வேண்டாம். அந்த அக்கா எலிகளுக்குப் பெயர் வைத்திருக்கிறாயா என்று கேட்பார், வைத்திருந்தாலும் சொல்லாதே, அதில் ஒன்றுக்கு என் பெயரை வைத்திருக்கிறாய் என்று உன் அப்பா என்னிடம் உளறிவிட்டார். சாப்பாட்டுக்கு முன்னால் உன் மாமனார் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு அந்தக் குரலைப் பற்றிக் கேட்பார். நான் தெரியாது என்று சொன்னது அவருக்குப் போதவில்லை. எலிக்குச் சோறு வைத்துவிட்டு, மறுநாளும் வேலைக்குப் போகிறவன் வாயிலிருந்து கேட்கவேண்டுமாம். போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் தெரியலை மாமா" என்று சொல். அவருக்கு அந்த "இன்னும்" போதுமாம்.

போனை எடு.

உன் அம்மா